ஒரே பெயர், வேறு வாட்: கேமிங் லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

கேமின் படத்தை வரையும் கிராஃபிக்ஸ் சிப்பை (ஜிபியு) செய்யும் என்விடியா, ஆர்டிஎக்ஸ் 4090 என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சிப்புகளை விற்றது. டெஸ்க்டாப்பில் செருகும் கார்டில் 16,384 குடா கோர்கள் (கணக்குப் போடும் சின்ன அலகுகள்), 24 ஜிபி மெமரி. முழு வேகத்தில் 450 வாட் இழுக்கும். லேப்டாப்பில் வந்த 4090-இல் 9,728 கோர்கள், 16 ஜிபி மெமரி. எவ்வளவு தடிமனான லேப்டாப்பாக இருந்தாலும் 175 வாட்டோடு சரி. அந்த 9,728 என்ற எண்ணை டெஸ்க்டாப் வரிசையில் தேடினால் 4080-இல் கிடைக்கும். அதாவது லேப்டாப் 4090 என்பது டெஸ்க்டாப் 4080-இன் சிப். அங்கே 320 வாட்டில் ஓடுவதை இங்கே ஏறக்குறைய அதில் பாதியில் ஓட்டுகிறார்கள்.

அடுத்த தலைமுறையில் இடைவெளி இன்னும் அகன்றது. டெஸ்க்டாப் 5090-க்கு 21,760 கோர்கள், 32 ஜிபி, 575 வாட். லேப்டாப் 5090-க்கு 10,496 கோர்கள், 24 ஜிபி, மறுபடியும் அதே 175 வாட். 4கே-யில் கனமான கேம் ஒன்றை இரண்டிலும் ஓட்டினால் லேப்டாப் தருவது டெஸ்க்டாப்பின் பாதி ஃப்ரேம்களைத்தான் என்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. முன்பெல்லாம் லேப்டாப் சிப்பின் பெயருக்குப் பின்னால் 980எம் என்பது போல ஓர் 'எம்' இருக்கும். பார்த்தவுடன் இது வேறு சரக்கு என்று தெரிந்துவிடும். 2016-இல் 10 வரிசை வந்தபோது அந்த 'எம்'-ஐ எடுத்தார்கள். எடுத்ததற்கு நியாயமும் இருந்தது: லேப்டாப் ஜிடிஎக்ஸ் 1080-இலும் டெஸ்க்டாப்பில் இருந்த அதே 2,560 கோர்கள்; லேப்டாப் 1070-இல் டெஸ்க்டாப்பைவிட 128 கோர்கள் கூடுதலாகவே இருந்தன. அப்புறம் 2017-இல் மெல்லிய லேப்டாப்புகளுக்காக வாட்டைக் குறைத்த மேக்ஸ்-க்யூ வகை வந்தது. 2021-இல் லேப்டாப் 3080 வந்தபோது டெஸ்க்டாப் 3080-இல் 8,704 கோர்கள், லேப்டாப்பில் 6,144. பொருள் பிரிந்துவிட்டது, பெயர் மட்டும் ஒன்றாகவே நின்றுவிட்டது. 'லேப்டாப் ஜிபியு' என்று பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வார்த்தையை விளம்பரத்தில் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

ஆகவே "இதுலயும் 4070, அதுலயும் 4070, ரெண்டும் ஒண்ணுதானே" என்று தொடங்கும் ஒப்பீடு முதல் வரியிலேயே தடம் மாறிவிடுகிறது. கேட்க வேண்டியது எந்தச் சிப், எத்தனை வாட், எவ்வளவு மெமரி என்ற மூன்றையும்தான். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது: கீழ்த்தட்டில் லேப்டாப்பும் டெஸ்க்டாப்பும் கிட்டத்தட்ட ஒன்று, மேலே போகப் போக லேப்டாப்புக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் குறைவாகத்தான் வேலை செய்கிறது.

60 வரை ஒரு கணக்கு

பெயரின் கடைசி இரண்டு இலக்கம்தான் தட்டைச் சொல்லும்: 60 கீழே, 90 உச்சி. 4060-ஐ எடுத்துக்கொள்வோம். டெஸ்க்டாப்பிலும் லேப்டாப்பிலும் ஒரே சிப், ஒரே 3,072 கோர்கள், ஒரே 8 ஜிபி. டெஸ்க்டாப் கார்டுக்கு 115 வாட். முழு வாட் தரும் லேப்டாப்பிலும் ஏறக்குறைய அந்த அளவுக்கு வரும். கேமில் பார்த்தால் வித்தியாசம் சின்னது. அமைப்பில் ஒரு செட்டிங்கை 'அல்ட்ரா'விலிருந்து 'ஹை'க்கு இறக்கினால் மறைந்துபோகும் அளவு. 5060-இல் டெஸ்க்டாப்புக்கு 3,840 கோர்களும் லேப்டாப்புக்கு 3,328 கோர்களும் இருப்பதால் இடைவெளி கொஞ்சம் கூடுகிறது. மெமரி இரண்டிலும் 8 ஜிபிதான்.

கேம் விற்கும் தளமான ஸ்டீம் மாதாமாதம் வெளியிடும் ஹார்டுவேர் கணக்கெடுப்பில் லேப்டாப் 4060 முதல் சில இடங்களுக்குள் வந்து உட்கார்ந்தது சும்மா இல்லை. மாணவர்களும் முதல் வேலையில் சேர்ந்தவர்களும் வாங்குவது இந்தத் தட்டில்தான். இந்தத் தட்டில் லேப்டாப் வாங்குபவர் பெரிதாக எதையும் இழப்பதில்லை என்றே நான் சொல்வேன்.

ஆனால் 'முழு வாட் தரும்' என்று மேலே சொன்னது முக்கியம். என்விடியா லேப்டாப் 4060-க்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளத் தயாரிப்பாளர்களுக்கு அனுமதி தந்தது. கம்ப்யூட்டரின் மூளையான சிபியு சும்மா இருக்கும்போது அதன் பங்கிலிருந்து 25 வாட் வரை கூடுதலாக எடுத்துக்கொள்ளவும் வழி வைத்தது. அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் ஒல்லி லேப்டாப்பிலும் 4060 இருக்கும், மூன்று கிலோ கேமிங் லேப்டாப்பிலும் 4060 இருக்கும். ஸ்டிக்கர் ஒன்றுதான், ஓட்டம் ஒன்றல்ல. கடைக்காரருக்கு இது பெரும்பாலும் தெரியாது. தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தில் டிஜிபி அல்லது 'அதிகபட்ச கிராஃபிக்ஸ் பவர்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியே இல்லாத மாடலை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. எண் பெரிதாக இருந்திருந்தால் அவர்களே முகப்பில் போட்டிருப்பார்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம். 40 வரிசையின் 4050, 4060, 4070 லேப்டாப் சிப்புகளுக்கு மின்னழுத்த வரம்பு ஒன்று உண்டு. பெட்டியில் 140 வாட் என்று போட்டிருந்தாலும் பெரும்பாலான கேம்களில் 100 வாட் பக்கத்திலேயே நின்றுவிடும். ஆகவே 105 வாட் லேப்டாப்பையும் 140 வாட் லேப்டாப்பையும் பார்த்து இரண்டாவதற்குப் பெரிய தொகை கூடுதலாகத் தர வேண்டியதில்லை. 60 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இருக்கும் இடைவெளிதான் கண்ணில் தெரியும்.

70-இல் இருக்கும் குழி

லேப்டாப் வாங்குபவர்கள் அதிகம் விழும் இடம் 4070, 5070. பெயரைப் பார்த்தால் 4060-ஐவிட ஒரு படி மேலே. உள்ளே பார்த்தால் லேப்டாப் 4070-இல் இருப்பது டெஸ்க்டாப் 4060 டிஐ-யின் சிப். லேப்டாப் 5070-இல் இருப்பது டெஸ்க்டாப் 5060 டிஐ-யின் சிப், கோர் எண்ணிக்கையும் அதே 4,608. டெஸ்க்டாப் 4070-க்கும் 5070-க்கும் 12 ஜிபி மெமரி. லேப்டாப்பில் இரண்டுக்கும் 8 ஜிபி. கீழே இருக்கும் 60 மாடலிலும் அதே 8 ஜிபிதான்.

அந்த 8 ஜிபியைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். கார்டின் மெமரி நிரம்பும்வரை எதுவும் தெரியாது. நிரம்பியவுடன் டெக்ஸ்சர்களை (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்களை) கம்ப்யூட்டரின் பொது மெமரியான ராமிலிருந்து இழுக்க ஆரம்பிக்கும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) நன்றாகவே காட்டும், ஆனால் திரும்பும்போதெல்லாம் படம் ஒரு கணம் நின்று போகும், சில கேம்களில் சுவரின் டெக்ஸ்சர் மங்கலாகவே நிற்கும். 2023-இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகமும் ஹாக்வர்ட்ஸ் லெகசியும் பிசிக்கு வந்தபோது 8 ஜிபி கார்டு வைத்திருந்தவர்கள் உயர்ந்த செட்டிங்கில் பட்ட பாடு இதுதான். பின்னர் பேட்ச்கள் வந்து நிலைமை சரியானது என்றாலும், அடுத்தடுத்து வரும் கேம்கள் அந்தப் பக்கம்தான் போகின்றன. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் நுட்பத்தில் இடையிடையே ஃப்ரேம்களைத் தானே உருவாக்கும் ஃப்ரேம் ஜெனரேஷன் இருக்கிறதே என்றால், அதுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் மெமரி கேட்கும். 2025 ஜனவரியில் 5070 கார்டு 4090-இன் வேகம் தரும் என்று என்விடியா மேடையில் சொன்னது இந்த ஃப்ரேம் ஜெனரேஷனைக் கணக்கில் சேர்த்துத்தான். அது இல்லாமல் இரண்டும் ஒரே தெருவில்கூட இல்லை.

ஆகவே லேப்டாப்பில் 60-க்கும் 70-க்கும் இருபது முப்பதாயிரம் வித்தியாசம் சொன்னால் 60-இலேயே நின்றுவிடலாம். அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் 12 ஜிபி தரும் 5070 டிஐ லேப்டாப்பில்தான் அடுத்த உண்மையான படி இருக்கிறது. அங்கே விலை வேறு உலகம்.

திரையும் இந்தக் கணக்கில் வரும். இப்போது வரும் பல கேமிங் லேப்டாப்புகளில் 2560×1600 திரை. பார்க்க அழகு. ஆனால் 1920×1080 திரையில் சுமார் 21 லட்சம் பிக்சல், இதில் 41 லட்சம். கார்டுக்கு வேலை இரண்டு மடங்கு. 60 தட்டு சிப்பை வைத்துக்கொண்டு இந்தத் திரையில் புது கேம்களை ஓட்ட, படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் இல்லாமல் நடக்காது. டெஸ்க்டாப்பில் கார்டுக்குத் தகுந்த மானிட்டரை நாம் தேர்ந்தெடுக்கிறோம்; லேப்டாப்பில் அவர்கள் கொடுத்ததுதான்.

சிபியு

வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவற்றைப் போட்டியாக ஆடுபவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அந்த கேம்களை 1080பி-யில் தாழ்ந்த செட்டிங்கில் ஆடும்போது கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். சிபியு எவ்வளவு வேகமாக அடுத்த ஃப்ரேமைத் தயார் செய்கிறது என்பதில்தான் எல்லாம். 240 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது நாலு மில்லி செகண்டுக்குச் சற்று மேல். 

இங்கே டெஸ்க்டாப் தெளிவாக முந்துகிறது. ஏஎம்டியின் டெஸ்க்டாப் சிபியு ரைசன் 7 7800எக்ஸ்3டி-யில் 96 எம்பி எல்3 கேஷ் (சிபியுவுக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி). லேப்டாப்புகளில் பரவலாக வரும் 7840எச்எஸ், 8845எச்எஸ் போன்றவற்றில் 16 எம்பி. கேஷ் பெரிதாக இருந்தால் ராமுக்குப் போய்வரும் பயணம் குறைகிறது, அதனால் மோசமான கணங்களில் விழும் ஃப்ரேம் எண்ணிக்கை மேலே ஏறுகிறது. இந்தப் பெரிய கேஷ் கொண்ட எக்ஸ்3டி சிப் உள்ள லேப்டாப்புகளும் 2023 முதல் உண்டு. ஆனால் அவை உச்சவிலை மாடல்களில்தான்.

இன்டெல் பக்கம் சிலிக்கான் ஒன்றாகவே இருக்கிறது. லேப்டாப்புக்கான கோர் ஐ9-13980எச்எக்ஸ்-இலும் டெஸ்க்டாப் 13900கே-யிலும் 24 கோர்கள். ஆனால் டெஸ்க்டாப்பில் 253 வாட் வரை போகலாம், லேப்டாப்பில் 157 வாட் வரை, அதுவும் சில நொடிகளுக்கு. கேம் ஓட ஆரம்பித்ததும் ஜிபியுவும் சிபியுவும் ஒரே செம்புக் குழாய்களையும் ஒரே இரண்டு ஃபேன்களையும் பங்குபோட வேண்டும். ஜிபியு 140 வாட் எடுத்தால் சிபியுவுக்கு மிஞ்சுவது 45, 50 வாட். கூட்டுக் குடும்பத்தில் ஒரே பாத்ரூம் இருப்பது போலத்தான்.

லேப்டாப் வாங்கியவர் கையோடு செய்ய வேண்டிய ஒன்று: ராம் எத்தனை துண்டாக வந்திருக்கிறது என்று பார்ப்பது. 16 ஜிபி என்று சொல்லி ஒரே துண்டாகப் போட்டுத் தரும் மாடல்கள் உண்டு. ஒரே துண்டு என்றால் சிங்கிள் சேனல், சிபியு கட்டிப்போட்ட கேம்களில் வேகம் கண்கூடாகக் குறையும். இரண்டாவது துண்டு போட்டவுடன் புது லேப்டாப் மாதிரி இருக்கும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில் இந்தச் சிபாரிசு முன்புபோல் சுலபமாக வாயில் வருவதில்லை. வாங்கும்போதே இரண்டு துண்டுள்ள மாடலைக் கேட்டுவிடுவது மேல். மெலிந்த மாடல் சிலவற்றில் ராமைப் போர்டிலேயே சால்டர் செய்துவிடுவார்கள், பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் மக்ஸ் சுவிட்ச், ஜிபியுவைத் திரையோடு நேராக இணைக்கும் வசதி. இது இல்லாத லேப்டாப்பில் ஜிபியு வரைந்த ஒவ்வொரு படமும் சிபியுவுக்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸ் வழியாகத்தான் திரைக்குப் போகும். அதிக எஃப்பிஎஸ் கேம்களில் இதனால் இழப்பு உண்டு. வெளி மானிட்டரை ஜிபியுவோடு நேராக இணைந்த போர்ட்டில் செருகினால் அந்த இழப்பு போய்விடும்.

மே மாதத்து அறை

யூடியூபில் பார்க்கும் ரிவ்யூக்களில் பெரும்பாலானவை அறை வெப்பம் 20, 22 டிகிரி என்று சொல்லித் தொடங்குகின்றன. வேலூரிலோ திருச்சியிலோ மே மாதம் வெளியே 40-ஐத் தாண்டும்போது ஃபேன் மட்டும் ஓடும் அறைக்குள் 35, 36 இருக்கும். அறை வெப்பம் எத்தனை டிகிரி ஏறுகிறதோ, சிப்பின் வெப்பமும் ஏறக்குறைய அத்தனை டிகிரி ஏறும். இது கூலிங்கின் தரத்தைப் பொறுத்தது இல்லை, எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும். 

டெஸ்க்டாப் கார்டு குளிர் அறையில் 65 டிகிரியில் ஓடினால் இங்கே 80-இல் ஓடும். சத்தம் கூடும், வேகம் அப்படியே இருக்கும். லேப்டாப் சிபியு குளிர் அறையிலேயே 90-இல் நிற்கிறது என்றால் இங்கே ஏறுவதற்கு இடமில்லை. 95 அல்லது 100-இல் தன் வேகத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். ரிவ்யூவில் பார்த்த எண் நம் வீட்டில் வராமல் போவதற்கு இதுவே பெரிய காரணம். ஏசி அறையில் ஆடுபவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஹாஸ்டலில் மெத்தை மேல் வைத்து ஆடுபவர்கள் இரண்டு முறை படிக்கலாம்.

லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வைப்பது, எஃப்பிஎஸ்-ஐத் திரையின் ஹெர்ட்ஸ் அளவோடு கட்டிப்போடுவது, இந்த இரண்டும் பைசா செலவில்லாமல் பல டிகிரி குறைக்கும். கூலிங் பேடு வாங்குவதற்கு முன்பு இவற்றைச் செய்து பாருங்கள்.

டெஸ்க்டாப்புக்கு வேறு பிரச்சினை. அது இழுக்கும் வாட் அத்தனையும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் வருகிறது. 500 வாட் இழுக்கும் பெட்டி என்றால் சின்ன அறையில் ஒரு ஹீட்டர் வைத்த மாதிரி. ஒரு டன் ஏசி நீக்கும் வெப்பம் சுமார் 3,500 வாட். அதில் ஏழில் ஒரு பங்கை நம் கேமே தின்றுவிடும்.

கரண்ட்

கரண்ட் போனால் லேப்டாப் தப்பிக்கும் என்பது உண்மை, ஆனால் அரை உண்மை. பேட்டரியில் மாறியவுடன் ஜிபியுவின் வாட் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அவ்வளவு மின்சாரத்தைப் பேட்டரியால் தர முடியாது. விமானப் பயண விதிகளின் காரணமாகப் பேட்டரி 100 வாட்-அவர் வரம்புக்குள்தான் இருக்கும், எனவே வேகத்தைக் குறைத்தாலும் ஒரு மணி நேர ஆட்டம்தான். நடுவில் இருக்கும் மேட்சை முடிக்க அது போதும். ரவுட்டருக்கும் சின்ன யுபிஎஸ் இருந்தால் மட்டும்.

டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் வாங்கும்போது பலர் கடையில் முதலில் கிடைக்கும் 600 விஏ-வை எடுத்துவந்துவிடுகிறார்கள். அது தாங்குவது வழக்கமாக 360 வாட். கேம் ஓடும்போது கார்டு 250, சிபியு 100, மானிட்டர் 30 என்று போனால் கரண்ட் போன நொடியில் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிடும். 1000 விஏ-க்குக் கீழே யோசிக்க வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள், அதில் யுபிஎஸ் மோடு இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் மாறும் அந்த இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

பில் எவ்வளவு ஏறும்? மானிட்டரோடு 350 வாட் இழுக்கும் டெஸ்க்டாப்பில் தினம் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்தில் 63 யூனிட். 180 வாட் லேப்டாப்பில் 32 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சின்னக் குடும்பத்துக்கு இது தெரியாது. 500 யூனிட் விளிம்பில் இருக்கும் வீட்டில் தெரியும். அதைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும்.

பணமும் ஐந்தாவது ஆண்டும்

ஒரு லட்சம் ரூபாய்ப் பக்கத்தில் பார்த்தால் இரண்டும் நெருக்கமாகவே நிற்கின்றன. டெஸ்க்டாப் பெட்டி மட்டும் என்றால் மலிவு. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர், நல்ல யுபிஎஸ், விண்டோஸ் எல்லாவற்றையும் கூட்டினால் லேப்டாப் விலை அருகில் வந்துவிடும். டெஸ்க்டாப் பாதி விலை என்று சொல்பவர்கள் மானிட்டரை எங்கிருந்தோ இலவசமாகக் கொண்டுவருகிறார்கள். பட்ஜெட்டைக் குறைக்கச் சொன்னால் கடைகளில் முதலில் கைவைப்பது எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளையில்தான். அதைச் செய்ய விடாதீர்கள். பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போவதில்லை, மதர்போர்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டு லட்சத்தில் படம் மாறுகிறது. டெஸ்க்டாப் 5070 டிஐ-யில் 8,960 கோர்கள், 16 ஜிபி, 300 வாட். நான்கு லட்சத்துக்கு மேல் போகும் லேப்டாப் 5090-க்கு இது ஈடு கொடுக்கும், பல கேம்களில் முந்தும். பாதி விலையில் அதே வேகம் என்னும்போது, வீட்டை விட்டு நகராத கம்ப்யூட்டருக்கு உச்ச விலை லேப்டாப் வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

காலம் போகப் போக வித்தியாசம் கூடும். 2017-இல் ஏஎம்டி சிபியுக்களுக்கான ஏஎம்4 வகை மதர்போர்டு வாங்கியவர், பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்து, 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி சிபியுவை அதே போர்டில் போட முடிந்தது. ஐந்து ஆண்டு பழைய பெட்டி அன்றைக்கு இருந்த கேமிங் சிபியுக்களில் சிறந்த சிலவற்றோடு போட்டி போட்டது. 2022-இல் தொடங்கிய ஏஎம்5-க்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெல் இந்த விஷயத்தில் அவ்வளவு தாராளம் இல்லை. லேப்டாப்பில் சிபியு, ஜிபியு இரண்டும் போர்டில் சால்டர் செய்தவை. ராமும் எஸ்எஸ்டியும் பெரும்பாலும் மாற்றலாம், அவ்வளவுதான். 

தண்டர்போல்ட் எனும் வேக போர்ட் வழியாக வெளி கார்டு இணைப்பதைச் சிலர் மாற்று வழியாகச் சொல்கிறார்கள். தண்டர்போல்ட் 4-இன் 40 ஜிகாபிட் பாதை ஒரு பெரிய கார்டுக்குக் குறுகல்; கார்டு, பெட்டி, எஸ்எம்பிஎஸ் என்று வாங்கும் விலையில் பாதி டெஸ்க்டாப் வந்துவிடும். என்னைக் கேட்டால் அது ஆர்வக்காரர்களின் பொழுதுபோக்கு.

ரிப்பேரும் இப்படித்தான். டெஸ்க்டாப்பில் எஸ்எம்பிஎஸ் போனால் சென்னை ரிச்சி தெருவில் காலையில் வாங்கி மத்தியானம் மாட்டிவிடலாம். கார்டு போனால் கார்டை மட்டும் வாரன்டிக்கு அனுப்பலாம். கார்டுக்கும் போர்டுக்கும் பெரும்பாலும் மூன்று ஆண்டு வாரன்டி. லேப்டாப்புக்குப் பெரும்பாலும் ஓர் ஆண்டு, போர்டு போனால் ஜிபியு, சிபியு எல்லாம் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். கேமிங் லேப்டாப் வாங்குபவர் மூன்று ஆண்டு வாரன்டி நீட்டிப்பின் விலையையும் லேப்டாப் விலையாகவே நினைத்துக்கொள்ள வேண்டும். சார்ஜரிலேயே போட்டு ஆடுபவர்கள் பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்தும் செட்டிங்கையும் போட்டுவிடுங்கள். நம் ஊர் வெயிலில் எப்போதும் 100-இல் நிற்கும் பேட்டரி உப்பிப்போக அதிக நாள் ஆகாது.

பழைய கார்டு வாங்குவது டெஸ்க்டாப்புக்கு மட்டுமே கிடைக்கும் சலுகை. 2022 செப்டம்பரில், கார்டுகளை இரவுபகலாக ஓட்டி எத்தீரியம் கிரிப்டோ காசு ஈட்டும் மைனிங் நின்றபோது மைனிங் செய்த கார்டுகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வாங்குவதில் தப்பில்லை. கண் முன்னால் அரை மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல்லி, மெமரி வெப்பத்தையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பழைய கேமிங் லேப்டாப் பக்கம் நான் போக மாட்டேன். உள்ளே எப்படி வெந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

யாருக்கு எது

ஹாஸ்டலில் இருக்கும் இன்ஜினியரிங் மாணவருக்கு 100 வாட்டுக்குக் குறையாத 60 தட்டு லேப்டாப். வகுப்புக்கும் அதுதான், இரவு ஆட்டத்துக்கும் அதுதான். அறையில் டெஸ்க்டாப் வைக்க இடமும் இருக்காது, வார்டனும் விட மாட்டார். செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

வேலைக்குப் போய்விட்டு வந்து வீட்டில் ஆடுபவருக்கு டெஸ்க்டாப். இதில் நான் பெரிதாக யோசிப்பதில்லை. போட்டி ஆட்டம் என்றால் எக்ஸ்3டி சிப்பில் பணத்தைப் போட்டு கார்டை 60-இல் வைக்கலாம். சைபர்பங்க் 2077, பிளாக் மித் வுகோங் போன்றவற்றை ஒளியை நிஜம்போல் காட்டும் ரே டிரேசிங்கோடு ரசித்து ஆட வேண்டும் என்றால் சிபியுவை நடுத்தரத்தில் வைத்துவிட்டு மெமரி 12 ஜிபிக்குக் குறையாத கார்டில் போடலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெங்களூரு, ஹைதராபாத் என்று மாற்றலாகும் ஐடிக்காரர்கள் இடையில் மாட்டிக்கொள்பவர்கள். அவர்களுக்கு மினி-ஐடிஎக்ஸ் சின்னப் பெட்டியைச் சிலர் சொல்வார்கள். பாகங்களுக்குக் கூடுதல் விலை, கூலிங்கும் சிக்கல், மானிட்டரை எப்படியும் தனியாகத் தூக்க வேண்டும். அவர்களுக்கு லேப்டாப்தான், கூடவே போன இடத்தில் ஒரு மலிவு மானிட்டர்.

இன்னும் ஒரு வழி உண்டு, நிறையப் பேர் எண்ணிப் பார்ப்பதில்லை. கையில் ஏற்கெனவே சாதாரண லேப்டாப் ஒன்று இருந்தால் அதை விற்காமல், பட்ஜெட் முழுவதையும் டெஸ்க்டாப்பில் போடலாம். டெஸ்க்டாப் அறையில் ஓடட்டும். ஸ்டீமின் ரிமோட் பிளே அல்லது மூன்லைட் என்ற ஆப் வழியாக ஹாலில் உட்கார்ந்து பழைய லேப்டாப்பில் ஆடலாம். லேப்டாப் வேலை வெறும் வீடியோவை விரிப்பதுதான், ஐந்து ஆண்டு பழைய ஐ5-கூட அதைச் செய்யும். டெஸ்க்டாப்பை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து, லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் வையுங்கள். கதை கேம்களுக்கு இது தாராளம். வேலரன்ட் ஆட மட்டும் எழுந்து அறைக்குத்தான் போக வேண்டும்.